குடத்தில் போட்ட பெயர்

என் ஆசை வாயாடி எஸ்தருக்கு,

நீ போன இடத்தில் சமையல்கட்டு உண்டா இல்லையா, தெரியவில்லை. இருந்தால் இந்நேரம் அங்கே நாலு பேரைத் திட்டித் தீர்த்திருப்பாய். இங்கே உன் சத்தம் அடங்கி ஒரு வருசம் ஆகப் போகிறது. மஞ்சள்காமாலையை நாட்டு மருந்தில் சரிக்கட்டிவிடலாம் என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டு சும்மா இருந்த எங்கள் எல்லாரையும் இன்னும் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உனக்கு நல்ல சேதியாக எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தக் கோடையிலிருந்து என் வயிற்றில் ஒரு குமட்டல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. உத்திரமேரூரில் டாக்டரிடம் காட்டினேன். வயிறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரியாதா? இது தின்றதால் வந்த குமட்டல் இல்லை. கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்ததால் வந்தது.

நம் இடம் உனக்கு மறந்திருக்காது. வாலாஜாபாத் ரோட்டில், அரிசி மில்லைத் தாண்டி, அந்தப் பெரிய தகரக் கொட்டகை. ஓரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் கேண்டீனுக்கு அங்கேதான் சமைத்து வண்டியில் அனுப்புகிறோம். நீ இன்சார்ஜ். நான் வண்டியோடு போய்ப் பரிமாறுகிறவள். பெருநகரிலிருந்து முதல் பஸ் பிடித்து நான் வந்து சேரும்போது நீ ஏற்கெனவே யாரையாவது வறுத்துக்கொண்டிருப்பாய்.

நீ ஒன்றும் தேவதை இல்லை. உன் வாய் கூவம் ஆறு. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாய். சாம்பார்ப் பொடி டப்பாவை வேறு யாரும் தொடக்கூடாது உனக்கு. ஆனாலும் நீ செய்த ஒரு காரியத்தை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்கிறேன். வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றிவிடுவாய். காய் நறுக்குகிறவள் பாத்திரம் கழுவப் போவாள், பாத்திரம் கழுவினவள் சாதம் வடிக்க வருவாள். திருப்புலிவனம் காலனியிலிருந்து வரும் அஞ்சலை வடித்த சாதத்தைப் பார்த்து தனம் முகம் சுளித்தது நினைவிருக்கிறதா? என் ஓரகத்தியேதான், என்னோடு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவள்தான், ஆனாலும் எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. நீ கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாய்:

“துன்றவனுக்கு யாரு வடிச்சதுன்னா தெரியுது? உனக்கு மட்டும் இன்னாடி வந்துச்சு?”

அதோடு முடிந்தது. அடுத்த மாதமே தனமும் அஞ்சலையும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் வைத்திருந்தாய். தப்பு நடந்தால் முதலில் கத்திவிட வேண்டும், யார் செய்தது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தரம் ரசத்தில் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி விழுந்துவிட்டது. தள்ளிவிட்டது தனம். அவளே ஓடி வந்து கத்தினாள். அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே ரசத்தைக் கால்வாயில் ஊற்றினாய். முதலாளி வந்து கேட்டபோது மட்டும், தட்டிவிட்டது நீதான் என்று பழியை உன் மேலேயே போட்டுக்கொண்டாய். அவள் சாயங்காலம் வரைக்கும் உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தனம்தான். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பதினாறாம் நாள் ஜெபம் முடிந்த வாரம், முதலாளி தன் மச்சானைக் கொண்டுவந்து மேனேஜராகப் போட்டார். சுரேஷ் என்று பெயர். மெட்ராஸ் ஆள், ஏதோ மேனேஜ்மென்ட் படித்தவர். மரியாதையாகத்தான் பேசுவார், எல்லாரையும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவார். முதல் நாளே எங்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். சொல்லி முடித்து டீ குடித்த கையோடு அந்தக் குடும்பத்தை நாலாகப் பிரித்தார்.

அடுப்பில் நிற்கிறவர்கள் புலி அணி. காய் நறுக்குகிறவர்களும் கூலிங் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சிங்க அணி. வண்டியோடு போகும் நாங்கள் கருட அணி. பாத்திரம் கழுவுகிறவர்கள் யானை அணி. ஆளுக்கு ஒரு நிறத் தொப்பி. கொண்டையின் மேல் அந்தத் தொப்பி நிற்காமல் சாம்பாரில் விழும். சிரித்தோம் முதலில். நீ இருந்திருந்தால் அதைப் போட்டு ஆடியே காட்டியிருப்பாய்.

ஆளை மாற்றிவிடுகிற வழக்கம் அன்றோடு நின்றது. பழகினவர்கள் பழகினவர்களோடு இருந்தால்தான் ஒற்றுமை கூடும் என்று சொல்லி, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுக் கேட்டு அணியில் போட்டார். பிரித்து முடித்துப் பார்த்தால் யானை அணி முழுக்கக் காலனி. அடுப்புப் பக்கமும் காய்ப் பக்கமும் முழுக்க ஊர்த்தெரு. அஞ்சலை பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்விட்டாள். சிங்க அணிக்குப் போன தனத்துக்கு முகமெல்லாம் பல். அந்த மனுசன் இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் அது இன்னும் அசிங்கம் என்று தோன்றுகிறது.

அப்புறம் மார்க் வந்தது. உன் அணியில் தப்பு நடந்தால் மார்க் குறையும். அடுத்த அணியின் தப்பை நீ காட்டிக்கொடுத்தால் உனக்கு மார்க் ஏறும். மாதக் கடைசியில் ஜெயித்த அணிக்கு ஆளுக்கொரு ஹாட்பேக். ஒரு ஹாட்பேக்குக்காக, எஸ்தர். கடைக்குப் போனால் நாமே வாங்கிவிடக்கூடிய ஒரு ஹாட்பேக்.

அதற்காக மனிதர்கள் என்னென்ன ஆனார்கள் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பக்கத்து அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பொங்கி வழிந்த பிறகு மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சிங்கத்தின் கத்தியை யானை கழுவித் தராது. யானைக்கு சோப்புத் தூள் தீர்ந்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். மத்தியானச் சோற்றையும் அணி அணியாகப் பிரிந்து உட்கார்ந்துதான் தின்றார்கள். நான் வண்டி டிரைவரோடு வெளியே நின்றே இரண்டு வாய் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இனிமேல்தான் அந்த நாள்.

அக்னி நட்சத்திரம். முந்தின ராத்திரி எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் கேண்டீனுக்குக் கோழிக் குழம்பு. கோழியெல்லாம் முதல் நாள் சாயங்காலமே கூலிங் ரூமில் வைத்தாகிவிட்டது. நான் வந்து சாதமும் குழம்பும் ஏற்றிக்கொண்டு வழக்கம்போல வண்டியில் போனேன். கேண்டீனில் மூடியைத் திறந்தபோது மசாலா வாடை தூக்கலாக அடித்தது. ராஜேந்திரன், நம் அடுப்பு மாஸ்டர், அன்றைக்கு ஏதோ கைதாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசையில் அஞ்சலையின் மகள் செல்வி வந்தாள். அந்தக் கம்பெனியில்தான் சேர்ந்திருக்கிறாள். நீ தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது உன்னைவிட உயரம். தட்டை நீட்டி, “அத்த, எனக்கு மட்டும் இன்னொரு துண்டு வையேன்” என்றாள். வைத்தேன். நல்ல பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் திரும்பும்போதே ஒவ்வொருத்தராக வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸை அப்படியே காஞ்சிபுரத்துக்குத் திருப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள். நான் விழுந்தடித்துப் போனேன். தரையில் கால் வைக்க இடமில்லை. அந்த நாற்றத்தை உனக்கு எழுதப் போவதில்லை. செல்விதான் எல்லாரிலும் மோசம். கண் உள்ளே போய், உதடு வெடித்து, பேச்சே இல்லை. இரண்டு கையிலும் டிரிப் ஏற்றியிருந்தார்கள். அஞ்சலை பாத்திரம் கழுவின ஈரப் புடவையோடு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

“கறி நல்லாதான இருந்துச்சு, யக்கா?”

எனக்குத் தெரியாது என்றேன். அப்போது எனக்கு நிசமாகவே தெரியாது.

மறுநாள் காலையில் பெருநகர் பஸ்ஸில் தெரிந்துகொண்டேன். தனம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததை நான் சொல்லச் சொல்ல, ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல ஆரம்பித்தாள். நேற்றுக் காலையில் அவள் போய்த் திறந்தபோது கூலிங் ரூம் நின்றுபோயிருந்ததாம். கரண்ட் வந்தும் அது ஓடவில்லை. உள்ளே வெக்கை. கோழி தொட்டால் வெதுவெதுவென்று இருந்ததாம். சுவிட்சைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

“ஏன்டி வாயத் தொறக்கல?” என்றேன்.

“தொறந்தா சிங்கத்துக்குத்தான மார்க்கு போவும். மாசக் கடைசி வேற.”

“துன்னவங்க?”

“அடுப்புல போடச்சொல்ல மோந்து பாத்திருக்கணும்ல? அது புலி வேல. எங்க வேல இல்ல.”

அவள் பொய் சொல்லவில்லை, எஸ்தர். மறைக்கவும் இல்லை. அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு பஸ்ஸிலேயே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இறங்கின உடனே நேராக ராஜேந்திரனிடம் போனேன். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். கோழியைக் கொட்டும்போதே வாடை தெரிந்தது என்று அவனும் ஒத்துக்கொண்டான். பிறகு ஏன் போட்டாய் என்று கேட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகும் பட்டையும் அள்ளிப் போட்டு வாடையை அமுக்கிவிட்டானாம். கேண்டீனிலிருந்து புகார் வந்தால் கூலிங் ரூமைத்தானே பிடிப்பார்கள், சிங்கம் மாட்டும் என்று நினைத்தானாம். இந்த அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை என்றான். சொல்லிவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினான்.

ஒருத்தி கண்டுபிடித்தாள், மூடினாள். இன்னொருத்தன் மோந்தான், மசாலா போட்டான். கூட இருந்தவர்களில் நாலைந்து பேருக்கும் தெரிந்தே இருந்தது. எல்லாரும் தத்தம் அணிக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். இதைத்தானே அவர் டீம் ஸ்பிரிட் என்று தினமும் கைதட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்?

பத்து மணிக்கு மீட்டிங். எல்லாரும் வந்திருந்தோம், அஞ்சலையைத் தவிர. அவள் மகள் பக்கத்தில் இருந்தாள். கம்பெனியிலிருந்து காரணம் கேட்கிறார்கள், யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏற்காவிட்டால் ஆர்டரே போய்விடும் என்று சுரேஷ் சார் சொன்னார். பாத்திரம் சரியாகக் கழுவாததால்கூட இப்படி ஆகலாம் என்று படித்திருக்கிறாராம். பிறகு முகம் மலர்ந்து, உங்கள் ஊர் சாதாரண ஊரா என்று கேட்டார்.

“உங்க உத்திரமேரூர்க் கல்வெட்டு உலகத்துக்கே பாடம்மா. குடவோலை. நாமும் அதே மாதிரி முடிவு பண்ணுவோம். தப்பு யார் மேலன்னு நான் சொல்லல. டீமே சொல்லட்டும்.”

ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் எழுதி மடித்துப் போட வேண்டும். கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் மச்சான் மாமன் எவனும் நிற்கக் கூடாது என்றும் அதில் இருப்பதாக வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். முதலாளியின் மச்சான் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம், நமக்கு மல்லிகாம்மா எடுக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். நான் போட்ட சீட்டு வெறும் சீட்டு. கையை விட்டு எடுத்தேன். அஞ்சலை. அடுத்தது, அஞ்சல. அடுத்தது, யானை அஞ்சலை. தனத்தின் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? ராஜேந்திரன் பச்சை மையில் எழுதியிருந்தான். யானை அணியிலிருந்தே, அஞ்சலையோடு ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறவர்களே, இரண்டு பேர் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பரிமாறுகிற கைக்கு நாற்றம் பழக்கம்தான். ஆனால் அந்தக் குடத்தில் கைவிட்டபோது வந்த அருவருப்பு இந்த ஜென்மத்தில் எனக்கு வந்ததில்லை.

பாதியில் நிறுத்திவிட்டேன். பேருந்தில் தனம் சொன்னதையும் குழாயடியில் ராஜேந்திரன் சொன்னதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சத்தம் போடவில்லை. எனக்கு உன் தொண்டை கிடையாது. சொல்லி முடித்ததும் யாரும் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

சுரேஷ் சார்தான் பேசினார். ஆதாரம் இல்லாமல் பேசினால் டீமின் ஒற்றுமை கெட்டுவிடும் என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்:

“எஸ்தரம்மா இருந்திருந்தா, டீமுக்காக ஒருத்தரை விட்டுக்கொடுக்கலாம்னுதான் சொல்லியிருப்பாங்க.”

உன்னைப் பார்த்தே இராத மனுசன்! உன் பெயரை எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருக்கிறார். மேசையிலிருந்த குடத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் செய்த வீரம் அவ்வளவுதான்.

அன்றைக்கே அஞ்சலையை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். அவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொட்டகைக்கு சீல் வைத்தார்கள். அப்புறம் என் கதையைக் கேட்கவா வேண்டும்? பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. எல்லார் பிழைப்பிலும் மண்ணள்ளிப் போட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள். வீட்டில் தனம் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். என் புருசன் மட்டும் ஒன்றும் கேட்காமல் எனக்குக் காலையில் டீ போட்டுக் கொடுத்தார். அந்தச் சீல் வைத்த நாட்களில் ஆறுதலாக வந்த சேதி ஒன்றே ஒன்று. செல்வி எழுந்து கஞ்சி குடித்தாள்.

மறுபடி திறந்தபோது முதலாளி என் வீட்டுக்கே வந்தார். மச்சானை வேறு கிளைக்கு அனுப்பிவிட்டாராம். அங்கே இந்நேரம் யாருக்காவது தொப்பி போட்டுவிட்டுக்கொண்டிருப்பார். உண்மை சொன்ன அம்மா இருந்தால்தான் ஆர்டர் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். நீயே இன்சார்ஜாக இரு என்றார். வேண்டாம் என்றுதான் வாய்வரை வந்தது. வேலையும் வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டேன். அப்படித்தான், எஸ்தர், உன் இடத்தில் நான் வந்து உட்கார்ந்தேன்.

அணிப் பெயர்களை எடுத்தேன். தொப்பிகளைச் சூடான பாத்திரம் இறக்குகிற கரித்துணி ஆக்கினேன். பழையபடி வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றினேன். சொன்னதையெல்லாம் செய்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ராஜேந்திரன் நன்றாகத்தான் சமைக்கிறான், அவன் கரண்டி பிடித்த கையைப் பார்த்தால் எனக்குப் பச்சை மை ஞாபகம் வருகிறது. பிடிக்காத மனிதர்களை வைத்து எப்படி வேலை வாங்குவது? உனக்கு இப்படி யார்மேலாவது அருவருப்பு வந்ததுண்டா? வந்தும் திட்டி மறைத்தாயா? கேட்காமலே விட்டுவிட்டேனே.

அஞ்சலையைக் கூப்பிட்டு வராமல் இதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனம் போனேன். முதல் தடவை செல்வி வந்து, அம்மா இல்லை என்றாள். உள்ளே அவள் இருமுவது கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தடவை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. வேலைக்கு வா என்றேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“எம் பொண்ணு சாவக் கெடக்கச்சொல்ல எம் பேர எளுதிப் போட்டுக்கினு இருந்திருக்காங்க. நான் அங்க இல்லாதப்போ. நான் வரணும்னா, எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து, எளுதுனத வாயால சொல்லட்டும். மன்னிப்புலாம் வாணாம். சொன்னா போதும்.”

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அஞ்சலை வருவாள், சொல்ல முடியாதவர்கள் அன்றைக்கு வர வேண்டாம், அதற்குப் பிறகும் வர வேண்டாம் என்றேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டா என்றுகூடத் தெரியாது. ராத்திரி தனம் பல நாளைக்கு அப்புறம் என்னோடு பேசினாள். தன்னை ஊர் சிரிக்க வைக்கிறேனாம்.

“காலனிக்காரி எதிர்ல போயி கையக் கட்டிக்கினு நிக்கணுமா நானு? அதுக்கு வூட்லயே கெடந்துடுவேன்.”

“கெட” என்றேன்.

திங்கட்கிழமை தனம் வரவில்லை. அவளோடு இன்னும் சில பேர் வரவில்லை. வந்தவர்கள் கொட்டகைக்குள் சுவரோரமாக நின்றார்கள். அஞ்சலை செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துவைத்துக் கட்டின புடவை, தலையில் பூ. நான் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

முதலில் ராஜேந்திரன்தான் முன்னால் வந்தான். அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“எலுமிச்சம்பயம் புளிஞ்சது நான்தான், அஞ்சலம்மா. கறி கெட்டுட்ச்சுன்னு தெரியும். உம் பேர எளுதுனதும் நான்தான்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அடுத்த ஆள் வந்தாள். அதற்கடுத்த ஆள். நான் எழுதினேன், நானும் எழுதினேன். ஷேர் ஆட்டோவில் கூட வருகிற இரண்டு பேரும் சொல்ல முடியாமல் அழுதார்கள். அழுது முடிக்கும்வரை அஞ்சலை காத்திருந்தாள். அவர்களும் சொன்னார்கள். செல்வி அம்மாவின் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

எல்லாரும் முடித்த பிறகு, தொட்டிப் பக்கம் வேண்டாம், இந்த வாரம் சாதம் வடிக்கிற இடத்துக்கு வா என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் வாலாஜாபாத்துல ஒரு ஆஸ்டல்ல சேந்து பத்து நாளாவுது, யக்கா. சமையல் வேல. இத்த கேக்கத்தான் வந்தேன்.”

செல்வியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசல்வரை போனேன். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

உள்ளே வந்தேன். எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். உலையில் அரிசி போட நேரமாகிவிட்டது. அழுத பெண்களில் ஒருத்தி முதலில் நகர்ந்தாள், பிறகு மற்றவர்கள். அன்றைக்கு வண்டி தாமதமாகத்தான் போனது.

இவர்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, எஸ்தர். பொய் சொல்லி உனக்கு எதற்கு எழுத வேண்டும்? ஆனால் அன்றைக்கு வந்து நின்று வாயால் சொன்னார்களே, அந்த முகங்களோடு வேலை செய்ய முடிகிறது. போன வாரம் ஒருத்தி அளவு தப்பி உப்புப் போட்டுவிட்டு, தானே வந்து சொன்னாள். குமட்டல் போய்விடவில்லை. காலையில் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. தனமும் நானும் ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருக்கிறோம். அவள் பிள்ளைகள் மட்டும் என் அடுப்பில் வந்து தின்றுவிட்டுப் போகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய், கெட்ட வார்த்தையோடு.

ஒன்றுக்கு மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை இந்தக் கொட்டகையில் இல்லாத ஆளின் பெயரை யாரும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அந்த ஆள் வந்து எதிரில் நிற்கும்வரை உலை வைக்கமாட்டேன். ஆர்டர் போனாலும் போகட்டும். உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எஸ்தர் இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாள் என்று இனி எவன் ஆரம்பித்தாலும், அவனுக்கு நீ சொல்லியிருக்கக்கூடியதை, உன் வாயாலேயே, ஒரு எழுத்து குறைக்காமல் நான் சொல்லிவிடுகிறேன்.

உன் கூடப் பிறக்காத யக்கா,
மல்லிகா
பெருநகர்